குப்பியும் கொப்பியும்

"மாமா, இருபத்தொம்பது ரெண்டா, மூணா? சுருக்கா சொல்லுங்க."

2021 செப்டெம்பர். கொரோனாவால் நாடு மூடிக் கிடந்த நாட்கள். கலகெதரவில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கச்சியின் மகள் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். தையல் மெஷினை மூடிய பலகைதான் மேசை. அதன்மேல் பால்மா டின்னில் சாய்த்துவைத்த போன். ஒன்பது மணிக்கு எல்எம்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் கேள்வித்தாள் திறக்கும். பதினொன்றரைக்குள் கையால் எழுதி, ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றிவிட வேண்டும். நான் விறாந்தையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்று வரட்டும் என்று கதவு திறந்தே இருந்தது.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைத்தான் கேட்டாள். எந்தவொரு சமூகத்துக்கும் பாதகமாகப் பாராளுமன்றம் சட்டம் இயற்றக் கூடாது என்பது அதில் எந்த உட்பிரிவு? முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்தவன் நான். மிளகைத் துழாவிய கையை நிறுத்தாமலே "மூணு" என்றேன்.

இரண்டு. இருபத்தொன்பது இரண்டு. இந்த நாட்டில் தமிழில் அரசியல் பேசிய எவரும் ஒரு தடவையாவது உச்சரித்திருக்கக்கூடிய எண் அது. அதை மீறி இயற்றிய சட்டம் செல்லாது என்பதுதான் மூன்று. இரவு இஷாவுக்கு வுழூச் செய்யும்போது சட்டென்று நினைவு வந்தது. முழங்கையில் தண்ணீர் வடிய வடிய அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம், பிழையான விடை சொன்னதற்கு வந்த வெட்கம். விடை சொன்னதற்கு எந்த வெட்கமும் வந்திருக்கவில்லை. இதைக் கவனிக்கவே எனக்குச் சில நாள் பிடித்தது.

எங்கள் பேச்சில் இந்தக் காரியத்துக்கு இருக்கும் சொற்களை எண்ணிப் பார்த்தேன். கொப்பி அடிக்கிறது. துண்டு கொண்டுபோகிறது. ஒருவருக்காக இன்னொருவர் போய் உட்கார்ந்து எழுதினால் குதிரை ஓடுகிறது. எதிலும் களவு இல்லை, பொய் இல்லை. குதிரை என்றதும் சிரிப்புத்தான் வருகிறது. இன்னாருக்கு இன்னார் குதிரை ஓடினார் என்ற கதை கல்யாண வீடுகளில் சொல்லப்படும். ஓடிய குதிரை பக்கத்திலேயே உட்கார்ந்து சேர்ந்து சிரிக்கும். தராசில் கள்ளம் செய்த கடைக்காரனின் கதையை அவனை வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இன்னொரு சொல் இருக்கிறது. குப்பி. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒன்றுபோலச் சொல்வது. பரீட்சை நெருங்கும்போது, பாடம் விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அதற்குப் பெயர் குப்பி. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர் என்பார்கள். காசு இல்லை. மிஞ்சிப்போனால் ஒரு பிளேன்டீ. இதன் அருமை தெரிய வேண்டுமானால் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயர்தரம் முடியும்வரை ஒவ்வொரு பாடக்குறிப்பையும் டியூட்டரியில் காசு கொடுத்து வாங்கியவர்கள். அனுமதி பெரும்பாலும் மாவட்ட அடிப்படையில். இசட் புள்ளி நாலாம் தசமதானம் வரை. பக்கத்து வாங்கில் இருப்பவளின் ஒரு தசமம் உன் இடத்தைப் பறித்துவிடும். அப்படி வளர்ந்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான், தெரிந்ததைச் சும்மா சொல்லிக்கொடுக்கும் ஒருவரை முதன்முதலில் சந்திக்கிறது. எங்கள் உயர்கல்வியில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் குப்பிதான். விரிவுரையாளர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது குப்பி வட்ஸ்அப்புக்குப் போனது. தங்கச்சியின் மகளின் பெட்ச்சில் குப்பி எடுப்பவன் நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த பையன். லயத்துக்குள் சிக்னல் இல்லை. இரவில் மேட்டுக்கு ஏறிப்போய் நின்று குரல்பதிவுகளாக அனுப்புவான். பின்னணியில் சில்வண்டுச் சத்தம் கேட்கும். அதே வருடங்களில் பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ என்ற ஊரில் பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டுப் பாதையில் மைல் கணக்கில் ஏறிப் பாறையொன்றின் மேலிருந்து பாடம் நடத்திய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. இவன் படத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு அந்தக் குழுவில் நடந்தது குப்பி. மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு அதே குழுவில் நடந்தது கொப்பி. அதே ஆட்கள், அதே நல்ல மனசு, அதே "மச்சான் இது எப்பிடி?" இடையில் விடிந்திருந்தது. இத்தனை நாள் அந்த இரண்டையும் பிரித்து வைத்திருந்தது ஒரு மண்டபத்தின் கதவு. கதவு இல்லாமல் போனபோது, எந்த நிமிடத்தில் உதவி நின்று கள்ளம் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருக்க வேண்டிய நான் மிளகு காயப்போட்டுக்கொண்டு "மூணு" என்றேன். (இதில் ஒரு வேடிக்கை: லேர்ன் என்ற கல்வி வலையமைப்பின் ஊடாகப் போனதால் எல்எம்எஸ்ஸுக்கும் சூமுக்கும் மாணவர்களுக்கு டேட்டாக் காசு இருக்கவில்லை. வட்ஸ்அப்புக்கு இருந்தது. படிப்பு இலவசம், கொப்பி அடிக்கத்தான் ரீலோட் போட வேண்டியிருந்தது.)

அந்தப் பரீட்சைக்குக் கமெரா கேட்கவில்லை. பதிலுக்கு விடைத்தாளின் முதல் பக்கத்தில் ஓர் உறுதிமொழி: எவருடைய உதவியும் பெறாமல் எழுதுகிறேன் என்று கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தங்கச்சியின் மகள் அழகான கையெழுத்துக்காரி. அதை மிக அழகாக எழுதியிருந்தாள்.

படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதைவிட மேலேயே வாங்கிவிட்டால் மனிதர்கள் பொய் குறைவாகச் சொல்வார்கள் என்று 2012இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. டான் ஏரியலி, பிரான்செஸ்கா ஜினோ உட்பட ஐந்து பேர் எழுதியது. காப்புறுதிக் கம்பனியொன்றின் வாடிக்கையாளர்கள் தங்கள் கார் ஓடிய மைல்களை எப்படி அறிவித்தார்கள் என்பது அதன் சான்றுகளில் ஒன்று. பெரும் புகழ் பெற்ற கட்டுரை. திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை என்று 2020இல் அதே ஆசிரியர்களே எழுதினார்கள். அடுத்த வருடம் ஓகஸ்டில், டேட்டா கொலாடா என்ற வலைத்தளத்தை நடத்தும் ஆய்வாளர்கள் அந்த மைல் கணக்குகள் புனையப்பட்டவை என்று காட்டினார்கள். 2021 செப்டெம்பரில், எங்கள் வீட்டில் மிளகு காய்ந்த அதே மாதத்தில், கட்டுரை மீளப்பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வின் தரவே பொய். பல நாள் இதை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தரவைப் புனைந்த கை எதுவானாலும், அதற்கும் ஒரு நல்ல நோக்கம் இருப்பதாகத்தான் அது நினைத்திருக்கும். எனக்கு இருந்ததைப் போல.

நான் நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பல வருடம் உயர்தரப் பரீட்சை நிலையங்களில் நோக்குநராகவும் மேற்பார்வையாளராகவும் நின்றவன். முத்திரையிட்ட பொதியை இரண்டு பரீட்சார்த்திகளின் கையெழுத்தோடு பிரித்தவன். சுட்டெண் ஒட்டிய மேசைகளுக்கிடையே அளந்து நடந்தவன். மின்விசிறி ஓசைக்குக் கீழே என் செருப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நெருங்கும்போது தலைகள் தாழும். ஒரு தடவை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் நீல மை கண்டேன். பக்கத்தில் போய் நின்றேன். அவள் கையை மூடிக்கொண்டாள். விடைத்தாள் சேர்க்கும்வரை திறக்கவேயில்லை; மூடிய கையை மேசையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் எழுதினாள். அறிக்கை எழுதவில்லை நான். இத்தனை வருடம் அதைக் கருணை என்று நினைத்து வந்தேன். இப்போது யோசித்தால், நேர்மை என்று நாங்கள் அந்த மண்டபத்தில் கண்டது பாதிக்கு மேல் மரவேலை: மேசைக்கும் மேசைக்கும் இடையிலிருந்த தூரம், சுவர், மணி. நான் மாணவனாக இருந்த காலத்திலும் என் நேர்மையை அந்தத் தூரம்தான் பார்த்துக்கொண்டது. அதை நான் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. வீட்டு விறாந்தையில் அதைக் கேட்டபோது கையில் இருக்கவில்லை.

அடுத்த செமஸ்டரில் கமெரா வந்தது. ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காவல் எங்களூருக்குப் புதிதல்ல. கலகெதர கண்டி இராச்சியத்தின் வாசல்களில் ஒன்று. கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை தாண்டி குருநாகல் வீதியில் வந்தால் மலை இங்கேதான் கீழே இறங்கத் தொடங்கும். 1803இல் ஆங்கிலேயப் படை ஏறி வந்தபோது இங்கிருந்த கண்டியரின் காவல் கோட்டையைத்தான் முதலில் பிடித்தது. அரசனின் பொதிமாட்டுத் திணைக்களமான மடிகேயில் ஊழியம் செய்த முஸ்லிம்கள் தவளம் ஓட்டிக் கடந்த வழி இது. ஊர்ப் பெயர்களில் மடிகே இன்னும் இருக்கிறது. கணவாய்களில் கடவத்தை என்ற காவலிடங்களும் முட்படலைகளும் இருந்தன என்றும், கடந்து போகிறவர்கள் களிமண்ணில் பதித்த அடையாளம் காட்ட வேண்டியிருந்தது என்றும் ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறான். பத்தொன்பது வருடம் கைதியாக இருந்து 1679இல் தப்பிப் போனவன். எப்படித் தப்பினான்? வருடக்கணக்காகச் சில்லறை வியாபாரியாகச் சுற்றி, காவலர்களுக்குத் தன் முகத்தைப் பழக்கப்படுத்தினான். முட்படலை அவனுக்குக் கற்பித்தது அதைத்தான். தன்னை அநியாயமாக அடைத்து வைத்தவனின் காவலாளியிடம் பொய் சொல்வது பொய்யா என்று உயர்தர வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் "இல்லை சேர்" என்பார்கள். "இந்தப் பரீட்சையே அநியாயம் மாமா" என்று தங்கச்சியின் மகள் சொன்னபோது எனக்கு நொக்ஸ் ஞாபகம் வந்தான். ஆனால் அவளை யாரும் சிறைபிடிக்கவில்லை. அவளாகவே இரண்டு வருடம் ராத்திரி விழித்துப் படித்து அந்தப் படலைக்குள் நுழைந்தவள்.

எங்களூர் முட்படலைக்குக் கண் இருக்கவில்லை. இப்போது வந்தவற்றுக்கு உண்டு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2021 பெப்ரவரியில் செமஸ்டர் தேர்வை ஒன்லைனில் நடத்தி, செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் காவலுக்கு வைத்தது. முறைகேட்டுச் சந்தேகத்தில் ஆயிரக்கணக்கானவர்களின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன, கூச்சல் எழுந்தது, கடைசியில் மீண்டும் எழுத வாய்ப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. நெதர்லாந்தில் ஒரு கறுப்பின மாணவி, மென்பொருள் தன் முகத்தை முகமென்று ஏற்பதற்காக விளக்கொன்றை முகத்துக்கு நேரே பாய்ச்சிக்கொண்டு பரீட்சை எழுதியதாக முறையிட்டாள். மென்பொருளால் பாகுபாடு நடந்ததாகக் கொள்ள முடியாது என்று 2023இல் அங்குள்ள மனித உரிமை நிறுவனம் முடிவு சொன்னது. சொல்லட்டும். முகத்துக்கு நேரே விளக்கு வைத்துக்கொண்டு கணக்குப் போட அந்த நிறுவனத்தார் யாரும் முயன்று பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒஹையோ மாநிலத்தில் இன்னொரு வழக்கு. பரீட்சை தொடங்குமுன் படுக்கையறையைக் கமெராவால் சுற்றிக் காட்டச் சொன்னது கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகம். அது சட்டவிரோதத் தேடுதல் என்று 2022 ஓகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார். வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, அவனுக்கென்று ஓர் அறை இருந்திருக்கிறதே என்று. எங்கள் முன்னறையைச் சுற்றிக் காட்டினால் என்ன தெரியும்? உம்மாவின் கட்டில். உம்மா. அயர்ன் பண்ணும் தங்கச்சி. மிளகுச் சாக்கு. கதவில் நான். மண்டபத்தில் பரீட்சை எழுதுவது ஒரு பிள்ளை. எங்கள் வீட்டில் ஐந்து பேர். சத்தம் வராமல் சமைத்தவள், கோழியை விரட்டியவன், "மகள் எழுதட்டும்" என்று திக்ருச் செய்த உம்மா, எல்லாரும் எழுதினோம். அந்த வீட்டில் என்னிடம் ஓர் எண்ணைக் கேட்பது தேநீர் கேட்பது போலத்தான் அவளுக்கு இருந்திருக்கும்.

மறுபடி பள்ளிவாசல்கள் திறந்த பிறகு ஒரு ஜும்ஆவில் மௌலவி இதைத் தொட்டார். "கமெரா இல்லாவிட்டாலும் மேலே ஒரு கமெரா இருக்கிறது" என்றார். இளைஞர்கள் சிரித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இஹ்ஸான் என்று நாங்கள் சின்னதில் ஓதிய சொல்லுக்குள் பயம் இருக்கிறது, ஆனால் அதைவிட அழகு இருக்கிறது. காரியத்தை அழகாகச் செய்வது என்பதுதான் அதன் பொருள். இறைவனை நோக்குநராக்கி வரிசைகளுக்கிடையே நடக்கவிட்டால், அவன் முதுகு காட்டும் நேரத்தைப் பிள்ளைகள் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கொப்பி அடித்தவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். அடிக்காதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அந்த வருடங்களில் பெறுபேறுகள் வழமையைவிட நன்றாக வந்தன என்றவுடன் 'ஒன்லைன் பெட்ச்' என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டது. நேர்முகப் பரீட்சைக்குப் போன பிள்ளையிடம் எந்த வருடம் என்று கேட்டு, கேட்டவர் புன்னகைப்பார். களவு செய்யாததை எப்படி நிரூபிப்பது? 2024 ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் மூன்று வினாக்களுக்கு எல்லாருக்கும் முழுப் புள்ளி என்று தீர்ந்தது. வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்த மூன்றையும் தானாகவே சரியாகச் செய்த பத்து வயதுப் பிள்ளைக்கு அதை எந்தச் சொற்களில் விளக்குவது?

சந்தேகத்துக்கு இந்த நாட்டில் பெரிய வரலாறு உண்டு. 1970இல் பொறியியலுக்குத் தெரிவான தமிழ்மொழிமூல மாணவர் தொகை கண்ணை உறுத்தியபோது, தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் புள்ளியை அள்ளிப் போட்டார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. அது நிறுவப்படவேயில்லை. நிறுவ வேண்டிய தேவையும் இருக்கவில்லை, பேச்சே போதும். பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 227, தமிழில் எழுதியவருக்கு 250 என்று வெட்டுப்புள்ளி வந்தது. தரப்படுத்தல். அதன் பிறகு நடந்தவற்றை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது 29(2) யாப்பில் உயிரோடு இருந்தது, 1972இல்தான் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பு 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோதும் இருந்தது. அந்தச் சட்டம் 29(2)ஐ மீறவில்லை என்று 1953இல் கோடாக்கான்பிள்ளை வழக்கில் பிரிவி கவுன்சிலே சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிய நோக்குநர். அந்த எண்ணைத்தான் நான் பிழையாகச் சொன்னேன்.

என்னுடைய 'மூணு' முன்னறையோடு நிற்கவில்லை. தங்கச்சியின் மகள் அதைக் குழுவில் போட்டாள். உதவிதானே. பதினொரு விடைத்தாள்களில் 29(3) என்று இருந்தது. சரியான விடைகள் ஒத்திருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒத்த பிழைதான் காட்டிக்கொடுக்கும். அதுவும் இப்படியொரு பிழை. விரிவுரையாளர் பதினொரு பேரையும் தனித்தனியாகச் சூமில் கூப்பிட்டார். முதல்நாள் இரவு குழுவில் அழுகை, ஆலோசனை. பட்டம் போய்விடும் என்றார்கள். அப்போது நாவலப்பிட்டிப் பையன் குரல்பதிவு அனுப்பினான்: "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. குப்பியில நான்தான் பிழையா சொல்லிக் குடுத்தேன்னு சொல்லுங்க."

அவன் அந்தப் பதினொரு பேரில் இல்லை. அவனுடைய விடைத்தாளில் 29(2) என்று சரியாக இருந்தது. அவன் பரீட்சை நேரத்தில் குழுவைத் திறப்பதேயில்லை. மேட்டில் நின்று எழுதிக்கொண்டு திறக்கவும் முடியாது. பன்னிரண்டாவது ஆளாக அவனைக் கூப்பிட்டு, மூன்று என்று சொல்லிக்கொடுத்தவன் எப்படி இரண்டு என்று எழுதினாய் என்று கேட்டிருக்கிறார் விரிவுரையாளர். "எழுதும்போதுதான் எனக்கே விளங்கிச்சு சேர்" என்றானாம். விரிவுரையாளர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அந்த ஒரு வினாவுக்கு மட்டும் பதினொரு பேருக்கும் புள்ளி வெட்டப்பட்டது. அடுத்த செமஸ்டருக்குக் கமெரா வந்தது. இதையெல்லாம் தங்கச்சியின் மகள் என்னிடம் சொன்னது ஒரு வருடம் கழித்து, 2022இல், பெற்றோல் வரிசை முடிந்து வந்து மின்வெட்டில் மெழுகுதிரியோடு உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியில். குப்பி விளக்கு ஏற்றலாம் என்றால் மண்ணெண்ணெயும் இல்லை. நான் சொன்ன எண் அது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது மாமாவும் தேவையில்லை, குழுவும் தேவையில்லை. 2022 கடைசியில் வந்த சாட்ஜிபிடியிடம் கேட்டால் பிழையைக்கூட ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகச் செய்து கொடுக்கும். பதினொரு பேர் ஒரே இடத்தில் மாட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் ஒப்படைகள் செய்கிறான். அவனுக்குக் குப்பி என்றால் என்னவென்று தெரியவில்லை. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு வருவதில்லை.

2023 நோன்புப் பெருநாளுக்குத் தங்கச்சியின் மகளின் பெட்ச்காரர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவனும் வந்தான். மெலிந்த, மெதுவாகப் பேசுகிற பையன். பாடசாலையொன்றில் படிப்பிப்பதாகச் சொன்னான். சாப்பிட்டு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சேர், எங்க தோட்டத்துல ஏஎல் எடுக்கிற புள்ளைங்க ஒரு பன்னிரண்டு பேர் இருக்காங்க. அரசறிவியலுக்கு ஆள் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து குப்பி எடுக்க ஏலுமா?"

"ஏன் தம்பி, நீங்களே எடுக்கலாமே?"

"நான் இப்ப எடுக்கிறதில்ல சேர். ஒருக்கா பிழையா சொல்லிக் குடுத்துட்டேன்."

தங்கச்சியின் மகள் எழுந்து குசினிக்குள் போனாள். நான் வட்டிலப்பத்தில் இன்னொரு துண்டு வெட்டி அவன் தட்டில் வைத்தேன்.